முறைக்கு ஒரு தரமா, சுற்றுக்கு ஒரு தரமா?

வணக்கம். யாழ்ப்பாணம், கொக்குவிலிலிருந்து பேசுகிறேன். இன்றைய காணொளியில் புதிய பகடைகளும் இல்லை, வர்ணம் பூசிய பொம்மைகளும் இல்லை. ஒரேயொரு வாக்கியம்தான் இருக்கிறது. ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றியிருந்து பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், ரோக் என்ற பதுங்கித் தாக்கும் கதாபாத்திர வகுப்புக்குரிய, பட்ட அடியோடு கூடுதல் பகடைகளைச் சேர்க்கும் ஸ்நீக் அட்டாக் என்ற திறனை விளக்கும் வாக்கியம் அது. சென்ற சனிக்கிழமை ஆட்டத்தை நடத்திய நான் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னதால், எங்கள் ஆட்டம் முக்கால் மணி நேரம் நின்றுபோனது. தேநீர் ஆறிப்போனதற்கும் நானே பொறுப்பு.

நடந்தது இதுதான். எங்கள் குழு ஐந்தாம் நிலையில் இருக்கிறது. 59 உயிர்ப்புள்ளிகள் கொண்ட ஓகர் என்ற அரக்கன் ஒன்றை, ஒரு பக்கம் போர்வீராங்கனையும் மறு பக்கம் ரோக்கும் நெருக்கி நின்றார்கள். ரோக்காக ஆடும் தம்பி தன்னுடைய முறையில் ரேப்பியர் வாளால் குத்தி, ஸ்நீக் அட்டாக்கின் மூன்று அறுமுகப் பகடைகளையும் உருட்டிச் சேர்த்துக்கொண்டான். இலக்கின் இன்னொரு எதிரி அதற்கு 5 அடிக்குள் நின்றால் அந்தத் திறன் செல்லும் என்பதால், அதுவரை எவருக்கும் மறுப்பு இருக்கவில்லை. பிறகு ஓகரின் முறை வந்தது. அது அடிக்காமல் ஓடத் தொடங்கியது. கைக்கெட்டும் தூரத்தை விட்டு விலகும் எதிரியை எதிர்வினையாக, அதாவது பிறருடைய முறையின் நடுவே, ஒரு தரம் தாக்கலாம் என்ற விதிப்படி தம்பி மறுபடியும் குத்தினான், பட்டது. அந்தத் தாக்குதல் எதிரி விலகுவதற்குச் சற்று முன்னரே நிகழ்வதாக விதி சொல்வதால், போர்வீராங்கனையும் அப்போது ஓகருக்கு அருகில்தான் நிற்கிறாள். ஆகவே அவன் மூன்று பகடைகளை மீண்டும் கையில் எடுத்தான். "அது ஒருக்காத்தான், வை" என்றேன் நான்.

"அண்ணா, ஒருக்கா என்றால் எதுக்கு ஒருக்கா?" என்று கேட்டான். முழுச் சிக்கலும் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது.

ஆங்கில மூலம், ஒரு 'டேர்ன்' வீதம் ஒரு தரம் என்கிறது. நாங்கள் தமிழில் ஆடுகிறோம்; டேர்னை முறை என்றும், எல்லோரும் ஒவ்வொரு முறை ஆடி முடிக்கும் ஏறத்தாழ 6 வினாடிகள் கொண்ட ரவுண்டைச் சுற்று என்றும் சொல்லிவருகிறோம். புதியவர்களுக்கு இந்தத் திறனை விளக்கிய முதல் நாள், 'ஒரு முறைக்கு ஒரு முறை' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை; பைத்தியக்காரப் பேச்சாகத் தோன்றியதால், செவிக்கு இதமாக 'சுற்றுக்கு ஒரு முறை' என்று மாற்றிவிட்டேன். பிழை அங்கேதான் பிறந்தது. நாங்கள் அன்றாடம் பேசும் 'தரம்' என்ற சொல்லை எடுத்து 'முறைக்கு ஒரு தரம்' என்று சொல்லியிருந்தால் ஒரு குழப்பமும் வந்திருக்காது.

ஓகரின் முறை என்பது ரோக்கின் முறையிலிருந்து வேறான முறை. ஆகவே அங்கே திறன் மீண்டும் செல்லும். இது சொற்புரட்டு என்று நினைப்பவர்கள், ஐந்தாம் பதிப்பின் அதே 2014ஆம் ஆண்டு விதிநூலில் லைஃப் வகைக் கிளெரிக்கின், அதாவது மதகுரு வகுப்பின், டிவைன் ஸ்ட்ரைக் என்ற திறனைப் பாருங்கள்: 'உன்னுடைய முறைகள் ஒவ்வொன்றிலும் ஒரு தரம்' என்ற பொருளில் அது எழுதப்பட்டிருக்கிறது. சொந்த முறைக்குள் ஒரு திறனை அடக்க வேண்டிய இடத்தில் எழுதியவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். ரோக்குக்கு அந்தச் சொல்லை வைக்கவில்லை. 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் இலவசமாகத் தரப்பட்ட அடிப்படை விதித் தொகுப்பில் இவ்விரண்டு பகுதிகளும் உள்ளதால், நீங்களே அருகருகே வைத்து வாசிக்கலாம். 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலும் ஸ்நீக் அட்டாக் 'முறைக்கு ஒரு தரம்' என்றே இருக்கிறது. ஒரு சூத்திரத்தில் உள்ள சொல் பக்கத்துச் சூத்திரத்தில் ஏன் இல்லை என்று கேட்பது உரையாசிரியர்களின் பழக்கம். நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய நாவலரின் நல்லூர் என் வீட்டிலிருந்து துவிச்சக்கர வண்டியில் போய்வரும் தூரம் என்பதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அப்படியானால் ரோக்குக்கு அளவுக்கு மீறிய பலம் கிடைத்துவிடாதா என்று கேட்பீர்கள். மூன்று அறுமுகப் பகடைகளின் சராசரி 10.5, அது சிறிய எண் அல்ல. ஆனால் எதிர்வினை ஒன்றுதான், செலவழித்தால் அடுத்த சொந்த முறை தொடங்கும்வரை திரும்பக் கிடைக்காது. ஐந்தாம் நிலை ரோக்குக்கு விழும் அடியைப் பாதியாக்கும் அன்கனி டொட்ஜ் என்ற திறனும் அதே எதிர்வினையைத்தான் கேட்கிறது. ஓகரின் தண்டாயுத அடி சராசரி 13. இரண்டாவது தரம் குத்தியவன், அடுத்த எதிரியின் அடியை முழுதாக வாங்கத் தயாராக இருக்க வேண்டும். வில்லோடு நிற்பவனுக்கு இந்த வாய்ப்பே இல்லை, ஏனெனில் விலகும் எதிரியைத் தாக்குவது கைகலப்புத் தாக்குதலால் மட்டுமே.

ஆகவே தீர்ப்பை மாற்றி, தம்பியைப் பகடைகளை உருட்டச் சொன்னேன். பதினொன்று விழுந்தது, ஓகர் வாசலிலேயே சரிந்தது.

ஆனால் இதே வாசிப்பு மற்றப் பக்கமும் வெட்டும். அடுத்த அறையில், கதவு திறந்ததும் தாக்குவேன் என்று போர்வீராங்கனை தன் செயலை ஆயத்தமாக வைத்திருந்தாள். கதவு திறந்தபோது இரண்டு தாக்குதல் கேட்டாள். ஐந்தாம் நிலையில் கிடைக்கும் எக்ஸ்ட்ரா அட்டாக், 'உன்னுடைய முறையில்' தாக்கும்போது இரண்டு என்கிறது. ஆயத்த நிலையிலிருந்து பாய்வதோ பிறருடைய முறையில், எதிர்வினையாக. ஒன்றுதான் என்றேன். தம்பிக்கு மட்டும் இரண்டாம் தரம் தந்தீர்களே என்று போர்வீராங்கனையாக ஆடும் தங்கச்சி கேட்டாள். இரண்டு வாக்கியங்களையும் காட்டினேன், வாசித்தாள், ஏற்கவில்லை. வரும் சனிக்கிழமை ரோக்காக ஆடப்போவதாக இன்று காலை செய்தி அனுப்பியிருக்கிறாள்.