ஹவானாவில் அடைபட்ட தொகுதிக்காரர்

நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். நம் ஊர்க்காரர் ஒருவர் வெளிநாட்டுச் சிறையில் மாட்டிக்கொண்டால் எம்.பி. என்ன செய்ய முடியும்? ஒரு கடிதம் எழுதுவார், சபையில் ஒரு கேள்வி கேட்பார், மற்றபடி அவர் கையில் என்ன இருக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதனால்தான் இன்றைக்கு ஆலன் கிராஸ் என்ற அமெரிக்கரைப் பற்றிப் பேச வந்தேன். 2009 டிசம்பர் 3ஆம் தேதி கியூபாவில் கைதானவர், ஐந்து வருடம் கழித்துத்தான் வீடு திரும்பினார். அந்த ஐந்து வருடத்தில் அவருக்காகச் சில அரசியல்வாதிகள் செய்த வேலை எனக்கு மிகவும் முக்கியமாகப்படுகிறது.

கிராஸ் மேரிலாந்து மாநிலத்துக்காரர். கால் நூற்றாண்டு காலம் நாடு நாடாகப் போய் வளர்ச்சித் திட்டங்களில் வேலை பார்த்தவர். கியூபாவுக்கு அவர் போனது அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் பணத்தில், அதன் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் சார்பாக. அங்கிருக்கும் சின்ன யூத சமூகத்துக்கு இணைய வசதி செய்து தருவதுதான் வேலை. கேட்க நல்ல காரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் லேப்டாப்போடு, அரசின் கட்டுப்பாட்டுக்கு அப்பால் இணையம் தரும் செயற்கைக்கோள் மோடம்களும் போயின, அந்தத் திட்டத்தின் வேர் 1996இல் வந்த ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டத்தில் இருந்தது, அந்தச் சட்டத்தின் நோக்கமே காஸ்ட்ரோ ஆட்சி போக வேண்டும் என்பது. இது மிகவும் ஆபத்தான வேலை என்று கிராஸே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். அப்படி எழுதிய மனிதரைத் திரும்பத் திரும்ப அனுப்பியவர்கள் வாஷிங்டனில் பத்திரமாக இருந்தார்கள். இதை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் உதவி என்ற பெயரில் அரசியல் வேலையைச் சேர்த்து அனுப்பினால் மாட்டுவது கடைசியில் அங்கே போய் நிற்கும் தனி மனிதன்தான். 2011 மார்ச்சில் அவருக்கு 15 வருட சிறைத்தண்டனை விதித்தார்கள்.

அவருடைய தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் கிறிஸ் வான் ஹாலன். இவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு: அப்பா கொழும்பில் அமெரிக்கத் தூதராக இருந்தவர், மகன் கொஞ்ச காலம் நம் கொடைக்கானலில் படித்தவர். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வான் ஹாலனுக்கு முன்னால் இருந்த நிலைமையைப் பாருங்கள். அன்றைக்குக் கியூபாவில் அமெரிக்காவுக்கு முழுத் தூதரகம் கிடையாது. 1961இலேயே உறவு முறிந்துவிட்டது. சொந்த அரசோ, கிராஸை விடாதவரை எந்தப் பேச்சும் முன்னேறாது என்று சொல்லிவிட்டது. கியூபாவோடு பேசினாலே வாக்கு போய்விடும் என்று, கியூபாவை விட்டு வந்தவர்கள் நிறைய வாழும் புளோரிடா மாநில அரசியலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள்.

இந்த நிலையில் சத்தம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் கிடைத்தது. நியூ மெக்சிகோவின் முன்னாள் ஆளுநர் பில் ரிச்சர்ட்சன், இப்படி மாட்டிக்கொண்டவர்களை மீட்பதில் பேர் வாங்கியவர், 2011 செப்டம்பரில் ஹவானா போனார். போன இடத்தில் கிராஸைப் பணயக் கைதி என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். கியூபா அரசுக்குக் கோபம். விடுதலை என்ன, கிராஸின் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அவர் சொன்னது தப்பா சரியா என்பது வேறு விஷயம், ஆனால் உள்ளே இருக்கிறவனுக்கு அந்தச் சொல்லால் ஒரு நன்மையும் வரவில்லை.

2013 பிப்ரவரியில் வெர்மான்ட் செனட்டர் பேட்ரிக் லேஹி தலைமையில் ஒரு குழு ஹவானா போனது. வான் ஹாலனும் அதில் இருந்தார். அன்றைய கியூபா அதிபர் ரவுல் காஸ்ட்ரோவைப் பார்த்துப் பேசினார்கள். அந்தப் பயணத்தில்தான் லேஹியையும் அவர் மனைவியையும் பார்க்க அட்ரியானா பெரெஸ் என்ற பெண் வந்தார். அவர் கணவர் ஹெரார்தோ ஹெர்னாண்டஸ், கியூபா உளவாளி, அமெரிக்கச் சிறையில் இரட்டை ஆயுள் தண்டனை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, எனக்கு ஒரு குழந்தை வேண்டும், கணவர் வெளியே வரமாட்டார், என்ன செய்வேன் என்று அந்த அம்மா கேட்டார். வேறு ஒரு அரசியல்வாதியாக இருந்தால் பாவம் என்று சொல்லி அனுப்பியிருப்பார். லேஹியின் உதவியாளர் டிம் ரீசர் ஊர் திரும்பியதும் சிறைத்துறையிடம் போய் நின்றார். தம்பதி சந்திப்புக்கு விதி இடம் கொடுக்கவில்லை, செயற்கைக் கருவூட்டலுக்கு வழி இருந்தது. கடைசியில் பனாமாவில் அது நடந்தது. முதல் தடவை பலிக்கவில்லை, இரண்டாவது தடவை பலித்தது. அப்புறம் ரீசர் கியூபாக்காரர்களிடம் கிராஸுக்காகக் கேட்டார்: ராத்திரியில் அறை விளக்கை அணையுங்கள், எழுத ஒரு கணினி கொடுங்கள். கொடுத்தார்கள்.

எதிரி என்று நாம் பெயர் வைத்த நாட்டில் ஒரு பெண் தாயாக ஆசைப்படுகிறாள், அவள் கணவனை அடைத்து வைத்திருப்பது நம் அரசு, அவள் குறையைத் தீர்க்க நம்மால் முடியும் என்று நினைத்த அந்த மனசுதான் எனக்கு இந்த விவகாரம் முழுவதிலும் பெரிதாகத் தெரிகிறது. அது கிராஸுக்கு விலையாகக் கொடுத்தது இல்லை என்று லேஹி தரப்பு சொன்னது, நான் நம்புகிறேன். ஆனால் பேசவே பேசாத இரண்டு தரப்புக்கு நடுவில் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது என்றால் அதில் இதற்கும் பங்கு உண்டு.

உள்ளே கிராஸ் உடைந்துகொண்டிருந்தார். நூறு பவுண்டுக்கு மேல் எடை குறைந்தது, பற்கள் விழுந்தன, ஒரு கண்ணில் பார்வை மங்கியது. 2014 ஏப்ரலில் உண்ணாவிரதம் இருந்தார், அம்மா கேட்டுக்கொண்டதால் நிறுத்தினார். ஜூனில் அந்த அம்மாவும் புற்றுநோயில் இறந்துபோனார், வயது 92. கடைசியாக முகம் பார்க்கக்கூட மகனால் போக முடியவில்லை. அதற்குப் பிறகு கிராஸ் ஹவானாவில் இருந்த அமெரிக்க அதிகாரிகளைக்கூடப் பார்க்க மறுத்தார். ரீசர் தொலைபேசியில் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று. வெள்ளை மாளிகை கியூபாவோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தது, போப் பிரான்சிஸ் இரண்டு தலைவர்களுக்கும் கடிதம் எழுதினார்.

2014 டிசம்பர் 17. கிராஸை அழைத்துவர ஹவானாவில் இறங்கிய அமெரிக்க அரசு விமானத்தில் அவர் மனைவியோடு லேஹி, அரிசோனா செனட்டர் ஜெஃப் ஃப்ளேக், வான் ஹாலன் மூவரும் இருந்தார்கள். மற்ற இருவரும் அதிபர் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி, ஃப்ளேக் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரர் என்பதைக் கவனியுங்கள். கியூபாவின் வான் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி சொன்னதும் கிராஸ் எழுந்து நின்று ஆழமாக ஒரு மூச்சு விட்டாராம்.

அதே நாளில் ஹெர்னாண்டஸ் உட்பட மூன்று உளவாளிகள் கியூபா போனார்கள். 1996இல் கியூபா இரண்டு சிறு விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதற்கான சதியில் பங்கு என்பது ஹெர்னாண்டஸ் தண்டனை பெற்ற குற்றங்களில் ஒன்று. அந்த விமானங்களில் இறந்த நான்கு பேரின் குடும்பங்களுக்கு இது எவ்வளவு கசந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இப்படிக் கைமாற்றினால் நாளைக்கு இன்னொரு அமெரிக்கரைப் பிடிப்பார்கள் என்று அன்றைய செனட்டர் மெனண்டஸ் போன்றவர்கள் சொன்னதும் தள்ளிவிடக்கூடிய வாதம் கிடையாது. இருந்தாலும், அரசே அனுப்பிய மனிதரைக் கொள்கைக்காக அங்கேயே சாகவிட எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்பதுதான் என் கருத்து.

வான் ஹாலன் அதோடு நிற்கவில்லை. செனட்டரான பிறகு, 2025 ஏப்ரலில், தன் மாநிலத்திலிருந்து தவறாக எல் சால்வடோருக்கு நாடு கடத்தப்பட்ட கில்மர் அப்ரேகோ கார்சியாவைத் தேடிப் போனார். சிறைக்குப் போகும் வழியில் ராணுவத்தினர் காரை மறித்தார்கள். அன்று மாலையே அவரைச் சந்தித்துவிட்டார். ஜூனில் கார்சியா அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார், அங்கே அவர் மேல் புது வழக்கு காத்திருந்தது.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளை எங்காவது மாட்டிக்கொண்டால், கடிதம் எழுதினீர்களா என்று மட்டும் எம்.பி.யிடம் கேட்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் இதைத் தினமும் பார்க்கிற ஆள் யார், சிறையில் இருப்பவரோடு பேச வழி கேட்டீர்களா, பிடித்து வைத்திருக்கும் அரசு என்ன கேட்கிறது என்று விசாரித்தீர்களா, எதிர்க்கட்சியிலிருந்து யாரைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.