டீகமிஷன் என்றால் நிறுத்துவதா, கழிப்பதா, உடைப்பதா?

[திரையில்: அந்தி நேரம், போர்க்கப்பலின் பின்தளம். கம்பத்திலிருந்து கொடி மெல்ல இறங்குகிறது.]

2017 மார்ச் 6, மும்பை. இந்தியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விராட்டில் சூரியன் மறையும் வேளையில் கடற்படைக் கொடியைக் கடைசி முறையாக இறக்குகிறார்கள். டீகமிஷன் (decommission) என்ற ஆங்கில வினை நடந்து முடிவது இந்த இடத்தில்தான்.

தமிழில் இதை "கப்பல் ஓய்வு பெற்றது" என்று எழுதுகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்பல் தானாக ஓய்வு பெறுவதில்லை, உரிமையுள்ள ஒருவர் அதைப் பணியிலிருந்து எடுக்கிறார். நம் இலக்கணத்தில் விலகு தன்வினை, விலக்கு பிறவினை. டீகமிஷன் பிறவினை. அதனால் "பணியிலிருந்து விலக்கினார்கள்" என்பதே சரியான இணை.

[திரையில்: மூன்று தேதிகள் கொண்ட கோடு.]

விராட்டின் தேதிகளைப் பாருங்கள். 2016 ஜூலையில் சொந்த எஞ்சினில் மும்பையிலிருந்து கொச்சிக்குப் போனதுதான் அதன் கடைசி ஓட்டம். அங்கே உலர்துறையில் வேலை முடிந்து, அக்டோபரில் மும்பைக்குத் திரும்பியபோது இழுவைப் படகுகள்தான் இழுத்து வந்தன. கொடி இறங்கியது 2017 மார்ச்சில். உடைப்பதற்காக குஜராத்தின் அலாங்குக்குப் போனது 2020 செப்டம்பரில். ஓட்டம் நின்றது ஒரு நாள், விலக்கியது வேறொரு நாள், உடைத்தது அதற்கும் பிறகு. டீகமிஷன் நடுவில் உள்ளதை மட்டுமே குறிக்கும்.

இங்கே கண்டம் என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பஸ் டிப்போவில் "வண்டி கண்டம் ஆயிடுச்சு" என்றால் இனி உதவாது என்று தீர்ப்பாகிவிட்டது. ஏல அறிவிப்பில் அதே வண்டி "கழிவு செய்யப்பட்ட வாகனம்". நல்ல நிலையில் உள்ள பொருளையும் டீகமிஷன் செய்யலாம், திரும்பவும் பணியில் சேர்க்கலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி போர்க்கப்பலை 1948, 1957, 1969, 1991 என நான்கு முறை விலக்கினார்கள். கண்டம் செய்த பஸ்ஸுக்கு அந்த யோகம் கிடையாது.

"பணிநீக்கம்" மனிதர்களுக்கு, அதுவும் தண்டனை வாடையோடு. "செயலிழக்கச் செய்தல்" வெடிகுண்டுக்கு. இரண்டும் இங்கே ஒட்டாது.

அணு உலை என்றால் கதை வேறு. அங்கே டீகமிஷன் என்பது எரிபொருளை எடுத்து, கதிர்வீச்சுப் படிந்த பாகங்களைப் பிரித்து, இடத்தைச் சுத்தம் செய்யும் வரை உள்ள முழு வேலை. ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்துக்கு 2011-இல் போட்ட திட்டமே 30 முதல் 40 ஆண்டு. அதனால் "செய்யப்பட்டது" என்று எழுதாமல் "நடக்கிறது" என்று எழுத வேண்டும்.

[திரையில்: சர்வர் ரேக், கழற்றிய நெட்வொர்க் கேபிள்.]

ஐடி அலுவலகங்களில் தினமும் கேட்பது: "அந்த சர்வரை டீகாம் பண்ணியாச்சா?" டீகாம் என்பது டீகமிஷனின் சுருக்கம். ஆஃப் பண்ணியதையே பலர் டீகாம் என்று டிக்கெட்டில், அதாவது வேலைப் பதிவில், எழுதி மூடிவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

முதலில் நெட்வொர்க்கை மட்டும் துண்டித்து, யார் அலறுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு வாரம் போதாது. சம்பளக் கணக்கு மாதத்துக்கு ஒருமுறைதான் ஓடும், ஆகவே ஒரு மாதக் கடைசியாவது தாண்ட வேண்டும். யாரும் அலறவில்லை என்றால் பேக்கப் எடுத்து, அதை வேறு மெஷினில் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பி டிஸ்க்கை அழிப்பது வீண் துணிச்சல்.

டிஸ்க் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் வகை) என்றால் மேலெழுதி அழிப்பது போதாது. தேய்மானத்தைச் சமன்செய்ய அது தரவை வேறு செல்களுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், பழைய துண்டுகள் எங்காவது தங்கிவிடும். டிரைவிலேயே உள்ள செக்யூர் எரேஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

அதிகம் மறந்துபோவது பெயரும் முகவரியும். டிஎன்எஸ் பதிவை (தளத்தின் பெயரை ஐபி முகவரியோடு இணைப்பது) நீக்காமல் கிளவுட் ஐபியை விட்டுக்கொடுத்தால், நாளை அந்த ஐபி கிடைப்பவர் உங்கள் பெயரிலேயே தளம் நடத்தலாம். உள் நெட்வொர்க்கிலும் எந்த ஐபிக்கு அனுமதி என்று சொல்லும் ஃபயர்வால் விதியை விட்டுவைத்தால், அதே ஐபியில் வரும் புது மெஷினுக்குப் பழையதன் அனுமதி அப்படியே போகும்.

டிக்கெட்டில் இரண்டு வரி வையுங்கள்: "நிறுத்திய தேதி", "விலக்கிய தேதி". டிஎன்எஸ், ஃபயர்வால், மானிட்டரிங், லைசென்ஸ், சொத்துப் பதிவேடு எல்லாவற்றிலிருந்தும் பெயர் போன பிறகே இரண்டாவது வரியை நிரப்புங்கள்.