ஐந்து வயதுப் பிள்ளை ஏன் தவழ்கிறான்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்வீடன் ஓவியர் சீக்ரிட் யெர்டேன் வரைந்த முகங்களில் மேலோங்கி நிற்பது வேதனையா, வித்தையா? இதுதான் தலைப்பு. நான் வித்தையின் பக்கம். எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்து வைத்துவிட்டேன். காரணம், சற்று முன் எதிரணிச் சகோதரி சொன்ன ஒரு வார்த்தை. “1914இல் அவர் தன்னையே வரைந்த படத்தைப் பாருங்கள், எலும்பே இல்லாத மாதிரி உடம்பு வளைகிறது. மனம் பிசகிய கை வரைந்தது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அம்மா, அந்தப் படம் 1914. மனநோய் முற்றி அவர் மருத்துவமனைக்குப் போனது 1932. நடுவில் 18 வருஷம்! பதினெட்டு வருஷம் கழித்து வரப்போகிற காய்ச்சலுக்கு இன்றைக்கே யாருக்காவது உடம்பு சுடுமா?

அது என்ன கை என்று சொல்கிறேன். ஸ்டாக்ஹோமில் நெசவும் கைவினையும் படித்த கை. அப்புறம் பாரிசுக்குப் போய், வண்ணத்துக்கே பேர்போன பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீசிடமே வண்ணம் பழகிய கை. நூல் எங்கே இழைகிறது, எங்கே வளைகிறது என்று அறிந்த பெண்ணுக்கு எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதா? தெரிந்துதான் வளைத்தார். 1918இல் ஸ்டாக்ஹோமின் லில்யெவால்க்ஸ் கூடத்தில், கணவர் ஈசாக் கிரூனவால்டோடு சேர்ந்து படங்களை வைத்தபோது பத்திரிகைகள் இதே கேலியைத்தான் செய்தன. நூறு வருஷம் கழித்து அதே கேலிக்கு இந்த அவையில் கைதட்டல் விழுந்தது எனக்கு வலிக்கிறது.

சரி, ஒரே ஒரு படம். 1916. ‘ஓவியக்கூடத்தின் உள்ளே’ என்று பெயர். ஏறக்குறைய ஆள் உயரம். ஒரு சோபா. இந்தப் பக்கம் கணவர், அந்தப் பக்கம் இன்னொரு ஓவியர். நடுவில் இவர். இரண்டு ஆண்களும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எப்படி? இவர் தலைக்கு மேலாக! நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதே அவர்களுக்கு நினைவில்லை. இவருடைய பெரிய நீலக் கண்கள் யாரையும் பார்க்கவில்லை, எங்கோ தூரத்தில் நிலைத்திருக்கின்றன.

நம்மில் எத்தனை பெண்கள் அந்த சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம்! காப்பி கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், பேச்சு இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குத் தாவிப் போகும். நாம் நடுவில் ஒரு தலையணை.

ஆனால் படம் அங்கே முடியவில்லை. முன்னால் கறுப்பு உடையில் இன்னொரு பெண், ஓர் ஆணின் மேல் சாய்ந்து, ஒய்யாரமாக. பார்த்தவர்கள் சொல்கிறார்கள், அதுவும் இவரேதான் என்று. உட்கார வைக்கப்பட்ட ஒருத்தி, தன் இஷ்டத்துக்குச் சாய்ந்திருக்கும் ஒருத்தி. ஒரே அறையில் இரண்டு பேரையும் வைத்து, இரண்டு பேரையும் வெளியே நின்று பார்க்கிறாரே மூன்றாவதாக ஒருத்தி, கையில் தூரிகையோடு! அந்த மூன்றாமவளைத்தான் நான் வித்தை என்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. மறுபடியும் அதே அறைக்குள் வாருங்கள். இந்த முறை சோபாவைப் பார்க்க வேண்டாம், வலது மூலையைப் பாருங்கள். ஒரு பிள்ளை தவழ்ந்து உள்ளே வருகிறான். மகன் ஈவான். அவன் பிறந்தது 1911. படம் 1916. நடுவர் அவர்களே, ஐந்து வயதுப் பிள்ளை தவழ்வானா? ஓடுவான், ஏறுவான், வீட்டையே புரட்டிப் போடுவான். ஏன் தவழவிட்டார்? விளையாட்டுக்குத் தவழ்கிறான் என்று சொல்லலாம். என் மனசுக்குப் பட்டது வேறு. எத்தனை வளர்ந்தாலும் அம்மா வேலையில் இருக்கும் நேரத்தில் வாசலில் வந்து நிற்கிற பிள்ளை, அவள் கண்ணுக்குக் கைக்குழந்தைதான். தூரிகையைக் கீழே வைக்கவும் முடியாது, அவனைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. அத்தனையையும் ஒரு மூலையில் வைத்துவிட்டார்.

வேதனைதான் வரைய வைத்தது என்றால் ஒன்றைக் கேட்கிறேன். 1932இல் நோய் முற்றி பெக்கொம்பெர்யா மனநல மருத்துவமனைக்குப் போனார். ஓரளவு தேறி வந்ததும், அடுத்த இரண்டு ஆண்டுகள் நாளுக்கொரு படம் என்று வரைந்து தள்ளினார். 1936இல் சுமார் 500 படங்களோடு ஸ்டாக்ஹோமில் பெரிய கண்காட்சி. கேலி செய்த ஊர் கொண்டாடியது. அதன்பின் நோய் மறுபடி பிடித்துக்கொண்டது. 1937இல் விவாகரத்து. மருத்துவமனையே வீடாயிற்று. வேதனை நிறைய இருந்த அந்த ஆண்டுகளில்தான், அவையோரே, வரைவதே நின்றுபோனது.

1948இல் அவர் மூளையில் கத்தி வைத்தார்கள். குணமாகும் என்று நம்பித்தான் செய்தார்கள். மார்ச் 24ஆம் தேதி இறந்துபோனார். வயது 62.

இதற்கு மேல் எனக்கு வாதம் வரவில்லை. அந்த அறைதான் கண்ணில் நிற்கிறது. ஆண்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வலது மூலையில் ஈவான் தவழ்ந்து வந்துகொண்டே இருக்கிறான். அம்மாவின் மடிக்கு இன்னும் நாலு அடி இருக்கிறது, நடுவர் அவர்களே.