டிஸ்க் இருக்கும், பிளேயர் இருக்குமா?

[திரையில்: மேசைமேல் விசிடி, டிவிடி, புளூ-ரே, அல்ட்ரா எச்டி புளூ-ரே]

கடைக்குப் போய்ப் படம் வாங்கும் காலம் முடிந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் தன் தபால்வழி டிவிடி சேவையை 2023 செப்டம்பர் 29ஆம் தேதியோடு மூடியது. அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகள் 2024இல் டிஸ்க் விற்பதை விட்டன. அந்த நாட்டின் மொத்த டிஸ்க் விற்பனையே 2024இல் 100 கோடி டாலருக்குக் கீழே போனது.

அதற்காக டிஸ்க் அடியோடு மறைந்துவிடாது. பழைய படங்களைச் சீரமைத்து, கொஞ்சமாக அச்சடித்து, கூடுதல் விலைக்கு விற்கும் சிறு நிறுவனங்கள் இருக்கின்றன; வாங்கவும் ஆள் இருக்கிறது. முதலில் கிடைக்காமல் போகக்கூடியது பிளேயர்தான். ஒப்போ 2018இல் விலகியது. அமெரிக்கச் சந்தைக்குப் புது புளூ-ரே பிளேயர் இனி இல்லை என்று 2019இல் சாம்சுங் சொன்னது. எல்ஜி 2024இல் நிறுத்தியது. பெரிய பெயர்களில் மிச்சம் சோனி, பேனசோனிக்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்தியது, நாமே பதிவுசெய்யும் வெற்று புளூ-ரே டிஸ்க்கை. படம் அச்சிட்டு வரும் டிஸ்க் வேறு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

[திரையில்: ஒரே காட்சி இரு பாதியாக. இடப்பக்கம் ஸ்ட்ரீமிங், வலப்பக்கம் டிஸ்க்]

வீட்டில் 1 ஜிகாபிட் ஃபைபர் இருக்கும்போது டிஸ்க் எதற்கு? ஃபைபர் எவ்வளவு வேகமானாலும், எத்தனை பிட் அனுப்புவது என்பதைத் தளம்தான் முடிவுசெய்கிறது. 4கே ஸ்ட்ரீமிங் பெரும்பாலும் நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் வரும். 4கே படம் வரும் அல்ட்ரா எச்டி புளூ-ரே டிஸ்க் அதிகபட்சம் 128 மெகாபிட் வரை போகும். பகல் வெளிச்சத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் வித்தியாசம் தெரியாது. மழைப் பாட்டு, புகை, இருட்டில் சண்டை, இதிலெல்லாம் தெரியும்: ஸ்ட்ரீமிங்கில் கறுப்பு கட்டம் கட்டமாக உடையும், அந்தி வானம் கோடு கோடாகப் பிரியும். ஒலியிலும் அப்படித்தான். ஸ்ட்ரீமிங்கில் அட்மாஸ் (டால்பியின் சுற்றொலி) என்று போட்டிருந்தாலும் அது சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் பிளஸ். டிஸ்க்கில் இழப்பில்லாத ட்ரூஎச்டி.

தமிழ்ப் படத்துக்கு வருவோம். கணக்கு இங்கே தலைகீழாகிறது.

விசிடியில் ஒரு டிஸ்க்கில் 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. அதனால்தான் நம் படங்கள் இரண்டு, மூன்று டிஸ்க்காக வந்தன. படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். இன்றைய 55 அங்குலத் திரையில் முகமே கலங்கித் தெரியும். பிறகு டிவிடி. மோசர் பேர் என்ற இந்திய நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று விலையை இறக்கியது. ஒரே டிவிடியில் மூன்று படம் என்றும் வந்தன. இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுக்கு முழு டிஸ்க்கும் கிடைத்தால் நொடிக்குச் சுமார் 7.5 மெகாபிட், மூன்று படம் பங்குபோட்டால் ஆளுக்கு 2.5. பாட்டுக் காட்சியில் ஆடுபவரின் கை மங்கலாகக் குழைவது அதனால்தான்.

ஆகவே சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வாங்கிய எல்லா டிவிடியையும் பொக்கிஷமாக வைத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தின் சீரமைத்த பிரதி ஏதாவது தளத்தில் இருந்தால் அதுவே மேல். எந்தத் தளத்திலும் இல்லாத படத்தின் டிஸ்க்கைத்தான் விடக்கூடாது. மறு அச்சு வரும் என்று நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.

[திரையில்: உறையின் பின்பக்கம், வட்டாரக் குறியீடு]

புதிதாக வாங்குவோர், எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று சொல்லும் இந்தக் குறியீட்டைப் பாருங்கள். புளூ-ரேயில் சிங்கப்பூர் ஏ வட்டாரம், இந்தியா சி, பிரிட்டன் பி. டிவிடியில் நமக்கு 3, இந்தியாவுக்கு 5. சென்னையிலிருந்து வரும் டிஸ்க்குகள் பலவற்றில் பூட்டு இருக்காது. லண்டனிலிருந்து தருவிக்கும் பி வட்டார புளூ-ரே இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. அல்ட்ரா எச்டிக்கு வட்டாரமே கிடையாது. வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கணக்கில் சேருங்கள்.

டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 (சோனியின் விளையாட்டுக் கருவி) இருந்தால் அல்ட்ரா எச்டி வரை ஓடும். விசிடி ஓடாது, ஒளியையும் நிறத்தையும் மேம்படுத்தும் டால்பி விஷனும் கிடையாது. பிஎஸ்5 புரோவுக்கு டிரைவ் தனியாக வாங்கவேண்டும். கணினியில் பார்க்கலாம் என்று நினைத்தால் கவனம்: இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியை எடுத்துவிட்டது. அது இல்லாமல் அதிகாரபூர்வ மென்பொருளில் அல்ட்ரா எச்டி டிஸ்க் திறக்காது.

பிளேயரைப் பொருத்தியபின் 4கே வரவில்லையா? டிவியில் அந்த எச்டிஎம்ஐ துளைக்குரிய மேம்பட்ட சிக்னல் அமைப்பை இயக்குங்கள். நடுவில் பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்து, அது எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்கவில்லை என்றாலும் படம் 1080பிக்கு இறங்கும். அட்மாஸ் வரவில்லையென்றால் பிளேயரில் ஒலி வெளியீட்டை பிட்ஸ்ட்ரீம் என்று வையுங்கள். சோனியில் பிடி ஆடியோ மிக்ஸை அணையுங்கள். டிவி வழியாக சவுண்ட்பாருக்கு ஒலி போகிறதென்றால் எச்டிஎம்ஐயில் ஒலியைத் திருப்பி அனுப்பும் வெறும் ஆர்க் போதாது, அதன் மேம்பட்ட வடிவமான ஈ-ஆர்க் வேண்டும்.

நடுவில் படம் உறைந்தால் உடனே பிளேயரைத் திட்டாதீர்கள். 100 ஜிபி டிஸ்க்கில் மூன்று அடுக்கு. ஒரு விரல்ரேகை போதும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. விசிடிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. தகவல் பதிந்த அடுக்கு பெயர் அச்சிட்ட பக்கத்தை ஒட்டியே இருக்கிறது, அங்கே கீறல் விழுந்தால் தீர்ந்தது.

நம் ஊர் ஈரப்பதம் டிஸ்க்குக்கு ஆகாது. உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது, அடுக்குகளை ஒட்டிய பசையும் தளர்கிறது. 2006 முதல் 2008 வரை ஹாலிவுட்டின் வார்னர் வெளியிட்ட டிவிடிகள் சில கெட்டுப்போனதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. கேமராவுக்கு வாங்கும் ஈரம் நீக்கும் அலமாரி இருந்தால் 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்து, டிஸ்க்குகளையும் அதற்குள் அடுக்குங்கள். திறந்த அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது வீண். பிளாஸ்டிக் பை ஆல்பத்தில் இருப்பவற்றைக் கெட்டி உறைக்கு மாற்றுங்கள்.

இதையெல்லாம் செய்யுமுன் ஒரு வேலை. கல்யாண வீடியோ, பிள்ளையின் அரங்கேற்றம் என்று கணினியில் எரித்துக் கொடுத்த டிவிடிகளை முதலில் எடுங்கள். அவற்றில் தகவல் சாயத்தில் பதிந்திருக்கிறது; வெப்பத்திலும் வெயிலிலும் சாயம் மங்கும். கடையில் விற்கும் படத்தின் பூட்டை உடைத்து நகலெடுக்கச் சட்டம் இடம் தராது. இவற்றில் பூட்டே இல்லை. யூஎஸ்பி டிவிடி டிரைவைச் செருகி, வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறையை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தால் போதும். பாதியில் நின்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் படிக்காதது இன்னொன்றில் படிப்பது உண்டு.