கிட்டார் மேடையும் கேட்கும் செவியும்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, என்னைத் தகுதிக்கு மீறிப் பாராட்டிய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் இசை ஆசிரியப் பெருமக்களே, இடமின்றி நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

தனிக் கிட்டார்க் கச்சேரியைப் பற்றி மூன்று செய்திகள் பேச வந்தேன்: கலைஞரின் விரல், கருவியின் மரம், கேட்பவரின் செவி. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். அதற்கு மேடைச் சான்று, ஸ்பெயின் நாட்டுக் கிட்டார்க் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா (1893–1987). பெரிய அரங்குகளிலும் ஒலிபெருக்கியை மறுத்தே வாசித்தார் அவர்.

நான் கேட்ட ஒரு கச்சேரியைச் சொல்ல வேண்டும். வேகமான உருப்படி ஒன்றின் நடுவே மின்சாரம் நின்றுவிட்டது. அமைப்பாளர்கள் அங்குமிங்கும் ஓடினார்கள். கலைஞரோ நாற்காலியை மேடை விளிம்புக்கு இழுத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கட்டைவிரல் கீழ்ச்சுரங்களில் தாளம் பிசகாமல் நடக்க, மற்ற விரல்கள் பாட்டை ஏந்திச் சென்றதும், கம்பி சுற்றிய தந்தியில் இடக்கை விரல் வழுக்கும்போது எழுந்த கீச்சொலியும் அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தன. மின்சாரம் திரும்பியதும் ஒலிப்பொறுப்பாளர் விசையைத் தொடப் போனார்; “வேண்டாம் ஐயா, அப்படியே வாசிக்கட்டும்!” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். அரங்கமே கைதட்டியது!

தந்தி தனியாக அசைக்கும் காற்று மிகக் கொஞ்சம். அதன் அதிர்வு, தந்தியைத் தாங்கும் ‘பாலம்’ என்ற கட்டையின் வழியே மெல்லிய மேற்பலகைக்கு இறங்கி, பலகையும் பெட்டிக்குள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்வதால்தான் நாதம் பிறக்கிறது. பாலத்தடியில் பொருத்தி, அதிர்வை மின்குறிப்பாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் என்ற சிறு கருவி பெரும்பாலும் தந்தியின் அழுத்தத்தையே வாங்குகிறது. பெட்டியின் நாதம் அதற்கு முழுமையாக எட்டுவதில்லை. அதை மேலும் உரக்கப் பெருக்கினால் மரம் எங்கே கேட்கும்?

மைக்கையே நான் பகைக்கவில்லை. பாக்கோ தெ லூசியா, ஜான் மெக்லாஃப்லின், ஆல் டி மியோலா என்ற கிட்டார்க் கலைஞர் மூவரும் 1980 டிசம்பர் 5 அன்று சான்பிரான்சிஸ்கோ வார்ஃபீல்டு அரங்கில் வாசித்ததன் ஒலிப்பதிவு இல்லாதிருந்தால் நமக்குப் பேரிழப்பு. என் வழக்கு அளவைப் பற்றியது. விரல் நிறைந்தவருக்கு இரைச்சல் எதற்கு? நிறைகுடம் தளும்பாது.

செவியைப் பற்றி விரித்துரைக்க நேரம் இல்லை. இம்மன்றத்தின் அடுத்த கச்சேரியில் முதல் உருப்படியையேனும் ஒலிபெருக்கியின்றி நடத்தத் தலைவர் அவர்கள் இம்மேடையிலேயே இசைவு தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.