புலத்துக்குள் வந்தவர்களின் சொல் அம்பலம் ஏறுகிறதா?

[காட்சி: பல்கலைக்கழகப் புலம் ஒன்றின் நுழைவாயில். சுவரில் கொள்கை அறிக்கை.]

வணக்கம். பன்முகத்தன்மை, சமநீதி, அனைவரையும் உள்ளடக்குதல் ஆகிய மூன்றையும் பல்கலைக்கழகப் புலங்களின், அதாவது பல துறைகள் அடங்கிய பிரிவுகளின், கொள்கை அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. உண்மையில் அவை மூன்று வேறு கேள்விகள். புலத்துக்குள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்பது முதல் கேள்வி. வந்தவர்கள் முன்னேறத் தேவையானது அவரவர் நிலைக்கேற்பக் கிடைக்கிறதா என்பது இரண்டாவது. முடிவெடுக்கும் அவையில் அவர்களுடைய சொல் அம்பலம் ஏறுகிறதா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குச் சேர்க்கை எண்ணிக்கையைக் காட்டி விடை சொல்லிவிடலாம். மற்ற இரண்டுக்குமான விடையைத் தேர்வுக் குழுவின் நடைமுறை, வகுப்பு நடக்கும் விதம், வேலைப் பங்கீடு ஆகியவற்றில்தான் தேட வேண்டும்.

[காட்சி: ஒரே விண்ணப்பத்தின் இரண்டு படிகள். பெயர் மட்டும் வேறு.]

2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரே விண்ணப்பம் 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு, சிலரிடம் ஆண் பெயருடனும் மற்றவர்களிடம் பெண் பெயருடனும் தரப்பட்டது. பெண் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்குத் திறமை மதிப்பீடும் குறைந்தது, தர முன்வந்த ஊதியமும் குறைந்தது. பெண் பேராசிரியர்களும் ஆண்களைப் போலவே மதிப்பிட்டிருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆகவே, குழுவில் ஒரு பெண்ணை உட்காரவைத்ததும் பாரபட்சம் விலகிவிடும் என்று எண்ண முடியாது. எந்தத் தகுதிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே எழுதி வைக்கலாம். நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம். கலந்து பேசுவதற்கு முன் உறுப்பினர்கள் தனித்தனியாக மதிப்பெண் இடலாம். "நமக்கு ஒத்துவருவாரா?" என்று யாராவது கேட்டால், "நம்மைப் போன்றவரா?" என்றுதான் கேட்கிறாரோ என்று ஐயப்படுவது நல்லது.

[காட்சி: மாணவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து கணக்குப் போடும் வகுப்பறை.]

கற்பிக்கும் முறைக்கும் இதில் பங்கு உண்டு. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, விரிவுரையை மட்டும் கேட்காமல் வகுப்பிலேயே கணக்கைப் போட்டும் விவாதித்தும் கற்கும் முறையில், பிரதிநிதித்துவம் குறைந்த பிரிவினருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளி 33 சதவீதமும், தேர்ச்சி இடைவெளி 45 சதவீதமும் குறைந்ததாகக் கண்டது. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை இப்படிச் செலவிட்ட இடங்களில்தான் இடைவெளி சுருங்கியது. எப்போதாவது ஒரு நாள் கலந்துரையாடல் வைப்பதால் அது நேர்ந்துவிடவில்லை.

எழுதப்படாத விதிகளும் இருக்கின்றன. பேராசிரியரை அறையில் சென்று பார்க்கலாம், காலநீட்டிப்புக் கேட்கலாம், ஆய்வகத்தில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பவை ஏற்கெனவே பல்கலைக்கழகம் கண்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரிந்துவிடுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவருக்கு அவற்றைச் சொல்ல ஆளில்லை. பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் அச்சிட்டால் போதும், செலவே இல்லை.

மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை, அவர்கள் படிப்பதற்குத் தேவையானதைச் செய்து தருவது சலுகையும் அன்று: 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, உயர்கல்வியிலும் அவர்களுக்கு நியாயமான தகவமைப்புகள், அதாவது அவரவர் தேவைக்கேற்ற மாற்றங்கள், செய்து தரப்பட வேண்டும் என்கிறது.

[காட்சி: வெற்று அட்டவணை ஒன்று மெல்ல நிரம்புகிறது.]

இவை பலன் தருகின்றனவா என்று அறிய, சேர்ந்தவர்களை மட்டுமன்றி, இடையில் நின்றவர்களையும் பதவி உயர்வு கிடைக்காதவர்களையும் பிரிவுவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். ஆனால் ஒரு துறையில் ஒரு பிரிவைச் சேர்ந்தவர் இரண்டே பேர் என்றால், அந்த எண்ணை வெளியிடுவது அவர்களை அடையாளம் காட்டிக்கொடுப்பதாகிவிடும். அங்கே சில ஆண்டுகளின் எண்ணிக்கையைச் சேர்த்தே வெளியிட வேண்டும்.

அதே இரண்டு பேரைத்தான், பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற பெயரில், எல்லாக் குழுக்களிலும் போடுகிறார்கள். அந்த மணிநேரங்கள் அவர்களுடைய ஆய்விலிருந்து கழிகின்றன; பதவி உயர்வுப் படிவத்திலோ அவற்றை எழுத ஒரு கட்டம்கூட இருப்பதில்லை. அந்தக் கட்டத்தைச் சேர்த்து, அந்த அளவுக்குக் கற்பிக்கும் சுமையையும் குறைக்கும் முடிவைப் புல முதல்வர் அடுத்த கூட்டத்திலேயே முன்வைக்கலாம்.