கால் சூட்டை அறிந்த கை

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

பந்தயக் குதிரைகளின் சாவுக்குப் பெரிதும் பொறுப்பேற்க வேண்டியது பந்தய அமைப்பா, குதிரையின் உரிமையாளரும் பயிற்சியாளருமா என்பது இன்றைய வழக்கு. அமைப்பே என்று எனக்கு முன் பேசிய தோழியார் திறம்பட வாதாடினார். ஓடுதளத்து மண், விடாத மழை, போட்டிகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட அட்டவணை, வேகத்துக்காகவே இனப்பெருக்கம் செய்யப்பட்ட குதிரையின் மெல்லிய கால் என்று அவர் சொன்ன காரணங்களில் ஒன்றையும் நான் பொய்யென்று சொல்லப் போவதில்லை. அந்த மண்ணில், அந்த மழையில், அந்தக் காலோடு குதிரையை ஓடவிட்டவர் யார் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதைச் சொல்லவே நான் எழுந்திருக்கிறேன். என் சான்றுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே இந்த விவகாரங்கள் நீதிமன்றம் ஏறி ஆவணமாகியிருப்பதால், ஊர்ப்பேச்சை நம்பிப் பேச வேண்டிய தேவை எனக்கில்லை.

ஆனாலும் முதல் சான்று நம் கிண்டியிலிருந்தே வருகிறது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமன்று, திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996இல் தீர்ப்பாயிற்று. குதிரையின் வம்சம், அதற்குத் தரப்படும் பயிற்சி, ஜாக்கியின் திறமை ஆகியவையே வெற்றியைத் தீர்மானிக்கின்றன என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. நான் கேட்கிறேன்: கோப்பையைத் தூக்கும்போது அது பயிற்சியாளரின் திறமை என்றால், அதே குதிரை கால் முறிந்து திரைமறைவில் ஊசி போட்டுக் கொல்லப்படும்போது மட்டும் அது மழையின் குற்றமாகிவிடுமா?

குதிரையின் கால் திடீரென்று முறிவதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். கலிபோர்னியாவில் பந்தய மைதானங்களில் இறக்கும் குதிரைகளையெல்லாம் 1990 முதல் பிரேதப் பரிசோதனை செய்து வருகிறார்கள். உயிரைப் பறித்த முறிவுகளில் பெரும்பாலானவை, அதே இடத்தில் ஏற்கெனவே இருந்த நுண்ணிய சேதத்தின் மேல்தான் நிகழ்ந்திருக்கின்றன என்று அங்கே கண்டார்கள். அப்படியானால் அந்தக் குதிரை பந்தய நாளுக்கு முன்பே நொண்டத் தொடங்கியிருக்கலாம், காலில் சூடு ஏறியிருக்கலாம், தீனியைத் தள்ளியிருக்கலாம். விடியற்காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் கணுக்காலில் கைவைத்துச் சூடு பார்ப்பது பயிற்சியாளரின் அன்றாட வேலை. மைதான நிர்வாகி அந்தக் காலைத் தொட்டதில்லை. அரசு மருத்துவரும் பந்தய நாளன்று சில நிமிடமே பார்க்கிறார். ஆண்டு முழுவதும் தொட்டுக்கொண்டிருந்த கை ஒன்றே ஒன்றுதான்.

தோழியார் கலிபோர்னியாவின் சாண்டா அனிடா மைதானத்தைப் பெரிய சான்றாகக் காட்டினார். 2018 டிசம்பர் இறுதியில் தொடங்கிய பருவத்தில், 2019 ஜூனுக்குள் அங்கே 30 குதிரைகள் இறந்தன. வழக்கத்தை மீறிய மழை பெய்தது என்பதும் மெய். ஆனால் அந்த ஜூன் மாதம் நடந்ததை அவர் விட்டுவிட்டார். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு குதிரையின் மருத்துவ வரலாற்றையும் ஓட்ட வரலாற்றையும் பார்க்க ஐவர் குழு ஒன்றை அமைத்தார்கள். அக்குழு பல குதிரைகளை ஓடக்கூடாதென்று விலக்கியது. விலக்கப்பட்ட குதிரை ஒவ்வொன்றையும் ஓடத் தகுதியுள்ளதென்று சொல்லிப் பெயர் கொடுத்தவர் ஒரு பயிற்சியாளர் அல்லவா? மழை எந்தக் குதிரைக்கும் பெயர் கொடுப்பதில்லை, நடுவர் அவர்களே.

இனி, வெளியுலகம் அதிகம் பேசாத ஒரு பந்தய வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நாள்தோறும் நடக்கும் பந்தயங்களில் பெரும்பங்கு 'கிளெய்மிங்' பந்தயங்கள். அதில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் முன்கூட்டியே ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கும். பந்தயம் தொடங்குமுன் அந்த விலைக்கு யார் எழுதிக் கொடுத்தாலும், ஓடி முடித்ததும் குதிரை அவருக்குச் சொந்தம். ஏறத்தாழ ஒரே தரத்துக் குதிரைகளை மோதவிடுவதற்காக வந்த ஏற்பாடு இது. ஆனால் மூட்டுத் தேய்ந்த குதிரையை வைத்திருப்பவருக்கு இது எப்படித் தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். நோவை மருந்தால் அடக்கி, விலையைச் சற்று இறக்கி ஓடவிட்டால், அடுத்தவர் தலையில் கட்டிவிடலாம். வாதவூரர் கதையில் பாண்டியன் லாயத்தில் கட்டிய பரிகள் நள்ளிரவில் நரிகளாகி ஊளையிட்டது நமக்குத் தெரியும். அங்கே நடந்தது இறைவன் திருவிளையாடல். இங்கே வாங்கியவர் மறுநாள் லாயத்தைத் திறந்தால், மருந்தின் வேகம் இறங்கி, மூன்று காலில் நிற்கும் ஒரு பிராணியைப் பார்க்கிறார். இதை ஆடியவர்கள் மனிதர்கள். ஓட்டத்தில் குதிரை இறந்தாலோ, ஓடியபின் நொண்டுவதாக மருத்துவர் கண்டாலோ விற்பனை செல்லாது என்று விதி வந்தது. ஓடுமுன் 14 நாட்களுக்குள் மூட்டுக்குள் ஊசி போடக்கூடாது என்றும் விதி வந்தது. எவரும் செய்யாத ஒன்றைத் தடுக்க யாராவது விதி எழுதுவார்களா?

பயிற்சியாளர்தான் தவறு செய்கிறார், உரிமையாளர் பாவம் பணம் கட்டுகிறவர் என்று எதிரணியில் ஒருவர் இரக்கப்பட்டார். ஜார்ஜ் நவாரோ என்ற பயிற்சியாளரின் கதையைக் கேட்டால் அந்த இரக்கம் கரைந்துவிடும். 2017இல் நியூ ஜெர்சியின் மன்மத் பார்க்கில், வெற்றிக் களிப்பில் ஓர் உரிமையாளர் அவரை ஊக்கமருந்துக்காரர் என்ற பொருள்படும் பட்டப்பெயர் சொல்லிக் கூவிக் கொண்டாடிய காணொலி வெளிவந்தது. இருவருக்கும் அபராதம் விதித்தார்கள். நாடே பார்த்த அந்தக் காணொலிக்குப் பிறகும் நவாரோவின் லாயம் காலியாகவில்லை. குதிரைகள் வந்துகொண்டே இருந்தன, வென்றுகொண்டும் இருந்தன. 2020 மார்ச்சில் அவரும், ஜேசன் சர்விஸ் என்ற இன்னொரு பெரிய பயிற்சியாளரும், கால்நடை மருத்துவர்களும் மருந்து வணிகர்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் மீது கூட்டாட்சி அரசு ஊக்கமருந்துக் குற்றம் சாட்டியது. துபாயில் 2019இல் வென்ற எக்ஸ் ஒய் ஜெட் என்ற குதிரைக்கு மருந்து கொடுத்ததை நவாரோ ஒப்புக்கொண்டார். அந்தக் குதிரை 2020 ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தது. நவாரோவுக்கு 5 ஆண்டுச் சிறை, சர்விசுக்கு 4 ஆண்டு, மருந்து தயாரித்துக் கொடுத்த மருத்துவர் சேத் ஃபிஷ்மனுக்கு 11 ஆண்டு. மாதக் கட்டணத்தைக் கட்டி, பரிசுத் தொகையின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்ட உரிமையாளர்கள், நேற்று வரை சாதாரணமாக ஓடிய குதிரை லாயம் மாறியதும் பறக்கிறதே என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டாமா?

இவர்கள் குற்றவாளிகள், விதிவிலக்குகள் என்பீர்கள். சரி, குற்றமென்று சொல்ல முடியாத ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியில், 2021இல், மெடினா ஸ்பிரிட் என்ற குதிரை முதலில் வந்தது. அதன் இரத்தத்தில், பந்தய நாளன்று இருக்கக்கூடாத, வீக்கத்தைத் தணிக்கும் பீட்டாமெத்தசோன் என்ற மருந்து, மில்லிலிட்டருக்கு 21 பிகோகிராம் அளவில் இருந்தது. பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் முதலில் அந்த மருந்தைக் குதிரைக்குக் கொடுத்ததே இல்லை என்றார். சில நாளில், தோல் புண்ணுக்குப் பூசிய களிம்பில் அது இருந்தது என்று தெரிவித்தார். களிம்புதான் காரணம் என்பதற்குப் பின்னர் ஆய்வுச் சான்றும் கொண்டுவரப்பட்டது. அதை நான் நம்பத் தயார். அதனால்தான் என் கவலை கூடுகிறது. உலகமே பார்க்கும் பந்தயத்துக்கு அழைத்து வந்த குதிரையின் மேல் பூசிய களிம்பில் என்ன இருக்கிறதென்று, நாட்டின் புகழ்மிக்க பயிற்சியாளர் தொலைக்காட்சிகள் முன் நின்றபோது அறிந்திருக்கவில்லை. வெற்றி பறிக்கப்பட்டு இரண்டாவதாக வந்த மாண்டலூனுக்குப் போனது. மெடினா ஸ்பிரிட் அந்த டிசம்பரிலேயே பயிற்சி ஓட்டத்துக்குப் பின் சுருண்டு விழுந்து இறந்தது. அந்தச் சாவுக்கு மருந்தே காரணம் என்று நான் சொல்லவில்லை. பிரேதப் பரிசோதனையும் அப்படிச் சொல்லவில்லை.

2023 வசந்தத்தில், அதே டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் சில வாரங்களுக்குள் 12 குதிரைகள் இறந்ததையும், விசாரணையில் தனியொரு காரணம் கிடைக்கவில்லை என்பதையும் எதிரணி எடுத்துச் சொன்னது. அதே விசாரணை ஓடுதளத்தின் மேல் குற்றம் காணவில்லை. இறந்தவற்றில் சில குதிரைகளுக்கு, அவை பயிற்சியிலும் பந்தயத்திலும் ஓடவைக்கப்பட்ட நெருக்கமே ஆபத்தைக் கூட்டியிருந்ததாகக் குறித்தது. அந்த நெருக்கத்தைத் தீர்மானிக்கும் நாட்குறிப்பு லாயத்தில்தான் எழுதப்படுகிறது.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு குதிரை ஒரு பந்தயத்தில் ஓடுவதை ஓர் ஓட்டமாகக் கொண்டு, அமெரிக்காவில் ஆயிரம் ஓட்டத்துக்கு இத்தனை சாவு என்று கணக்கு வைத்து வருகிறார்கள். 2009இல் அது 2.00. குதிரைப் பந்தயத்தை ஒழுங்குபடுத்த வந்த புதிய கூட்டாட்சி ஆணையத்தின் கீழ் ஓடும் மைதானங்களில் 2024இல் 0.90. பார்த்தீர்களா, அமைப்பு மாறியது, சாவு குறைந்தது என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். எதை மாற்றினார்கள் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லட்டும். மண்ணையும் ஓடுதளத்தையும் கவனித்தார்கள், உண்மை. அதோடு மருந்துக் கணக்கைக் கேட்டார்கள், மூட்டு ஊசிக்கு நாள் குறித்தார்கள், நொண்டும் குதிரையை விற்க முடியாமல் செய்தார்கள். இவை எல்லாம் லாயத்துக் கதவைத் தட்டிய மாற்றங்கள். அந்த ஆணையத்தின் விதிப்புத்தகத்தில், குதிரைக்காகப் பதில் சொல்ல வேண்டியவருக்கு வைத்திருக்கும் பெயரே 'பொறுப்பாளர்' என்பதுதான். வழக்கமாக அது பயிற்சியாளர், பயிற்சியாளர் இல்லாத நிலையில் உரிமையாளர். தலைப்பில் நாம் தேடும் சொல்லை அவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன்: காலில் சூடு இருக்கும் குதிரைக்கு நாளைய பந்தயத்தில் பெயர் கொடுக்காமல் விட, பயிற்சியாளருக்கு எந்த அமைப்பின் அனுமதி வேண்டும்?